கால் அளவு

சென்ற தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஒரு ஜோடுக் கடைக்குள் நுழைந்தேன். எனக்காக அல்ல, பிள்ளைக்காக. இப்படி நான் சொன்னால் என் வீட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. புடவைக் கடையைக் கண்டால் தலையைத் திருப்பாமல் போய்விடுவேன். நகைக் கடை என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அழகான ஒரு ஜோடி செருப்பு உட்கார்ந்திருந்தால் என் கால் தானாக நின்றுவிடும். நல்ல தோலும், நேரான தையலும், அளவோடு எழும்பி அளவோடு முடிகிற குதியும் எனக்கு ஒரு நல்ல கச்சேரியைப் போல. "கால் இரண்டுதானே இருக்கிறது, அட்டைப் பெட்டி பதினொன்று இருக்கிறதே!" என்று என் மாமியார் ஒரு தடவை கணக்குச் சொன்னார். கணக்கில் தப்பில்லை.

பிள்ளை மூன்று வருஷமாக வடக்கே ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் இருக்கிறான். பதினாலாவது வயதில் போனான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். வந்த இடத்தில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சுற்றிவிட்டுப் போய்விடுவான். இந்தத் தீபாவளிக்கு அவனுக்கு உயர்ந்த ஜோடு ஒன்று வாங்கி அனுப்புவதென்று தீர்மானித்திருந்தேன். பழுப்பு நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும்விட்டேன். கடைப் பையன் கேட்டான்:

"என்ன ஸைஸ், அம்மா?"

"எட்டு" என்றேன்.

"எப்போ எடுத்த அளவும்மா? இந்த வயசுப் பசங்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஸைஸ் ஏறுமே."

எனக்குச் சொரேலென்றது. நான் சொன்ன எட்டு, அவன் ரயில் ஏறிய வருஷத்து எட்டு. என் கால் அளவு எனக்குத் தெரியும். கடை ஒவ்வொன்றிலும் அது எத்தனை எண்ணாகும் என்பதும் தெரியும். நான் பெற்ற பிள்ளையின் கால் அளவு எனக்குத் தெரியாது! கடைப் பையன் நல்லவன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. "அப்புறம் வருகிறேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் வீடு அடையாறில். திரும்பும் வழியில் கிரீன்வேஸ் ரோடு குறுக்கிடும். அதில் வசந்த விஹார் இருக்கிறது. அப்புறம் பாலம். பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கத்தில் தியஸாபிகல் ஸொஸைட்டியின் தோட்டம். இருபது வருஷமாக இந்த வழியில் போய் வருகிறேன். அன்றைக்குத்தான் ஒரு விஷயம் மனத்தில் தைத்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு தாய் வாழ்ந்து மறைந்தாள். இந்தக் கரையில் அவளுடைய பிள்ளை சென்னைக்கு வரும்போதெல்லாம் தங்கினான். அவள் பெறாத பிள்ளை. சட்டம் மூன்று கோர்ட்டுகளில் விசாரித்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் நல்ல ஜோடுகள் என்றால் உயிர். தாய் அன்னி பெஸன்ட் அம்மையார். பிள்ளை ஜே. கிருஷ்ணமூர்த்தி.

பெஸன்ட் அம்மையாரை நமக்கு ஹோம்ரூல் கிளர்ச்சியின் தலைவியாகத் தெரியும். 1917-ம் வருஷம் கல்கத்தாவில் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணியாகத் தெரியும். பெஸன்ட் நகருக்குப் பெயர் கொடுத்தவராகவும் தெரியும். அவர் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1847-ல் லண்டனில் பிறந்தவர் அவர். இருபது வயதில் ஒரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். 1869-ல் டிக்பி என்ற மகனும், 1870-ல் மேபெல் என்ற மகளும் பிறந்தார்கள். கணவருடைய மதத்தில் அவருக்கு நம்பிக்கை போயிற்று. நம்பாததை நம்புவதாக நடிக்க அவரால் முடியவில்லை. 1873-ல் தம்பதிகள் பிரிந்தார்கள். மகன் தகப்பனிடம், மகள் தாயிடம் என்று ஏற்பாடு. நாலைந்து வருஷம் அப்படி நடந்தது. அப்புறம் அம்மையார் கர்ப்பத் தடையைப் பற்றிய ஒரு சிறு புத்தகத்தை நண்பர் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டார். 1877-ல் அதற்காக வழக்கு வந்தது. தண்டனையிலிருந்து தப்பினார். ஆனால் தகப்பனார் அந்தப் புத்தகத்தையும் அம்மையாரின் நாஸ்திகத்தையும் காட்டி மகளைக் கேட்டார். 1878-ல் நீதிபதி ஸர் ஜார்ஜ் ஜெஸல், இப்படிப்பட்ட தாயிடம் பெண் குழந்தை வளரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேபெலுக்கு அப்போது எட்டு வயது நிறையவில்லை. ஸ்கார்லெட் ஜுரத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த குழந்தையை, கதறக் கதற வந்து கூட்டிப் போனார்கள்.

அப்பீலில் குழந்தைகளைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் குழந்தைகளை இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் அம்மையார், குழந்தைகள் வளர்ந்து தாமாகப் புரிந்துகொள்ளும் வரையில் அவர்களைப் பார்ப்பதில்லை, எழுதுவதுமில்லை என்று முடிவு செய்தார். இதை அவரே தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். எப்படிப்பட்ட முடிவு! என் பிள்ளைக்கு வாரம் இரண்டு தடவை ஃபோன் பண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பெரியவர்களானதும் இரண்டு பேரும் தாமாகவே தாயிடம் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் குழந்தைகள் அல்ல. இடையில் இருந்த வருஷங்களில் அவர்களுக்குப் பல் விழுந்து முளைத்ததையும், கால் வளர்ந்ததையும், குரல் மாறியதையும் தாய் பார்க்கவில்லை.

1893-ம் வருஷம் நவம்பரில் அவர் கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 1907-ல் தியஸாபிகல் ஸொஸைட்டிக்குத் தலைவரானார். அடையாறு அவருக்கு வீடாயிற்று.

இனிப் பிள்ளையின் கதை.

மதனப்பள்ளியைச் சேர்ந்த நாராயணய்யா என்ற தெலுங்குப் பிராம்மணர், ஸர்க்கார் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1909 ஜனவரியில் ஸொஸைட்டியில் ஒரு வேலை ஏற்றுக்கொண்டு தம் பிள்ளைகளோடு அடையாற்றுக்கு வந்தார். தோட்டத்துக்கு வெளியே ஒரு இடிந்த வீடு. மனைவி சஞ்சீவம்மா 1905-லேயே காலமாகிவிட்டாள். எட்டாவது பிள்ளைக்குக் கிருஷ்ணன் என்று பெயர். அப்போது வயது பதின்மூன்று. அவனும் தம்பி நித்யானந்தனும் தினமும் மூன்று மைல் நடந்து மயிலாப்பூர் பென்னாத்தூர் சுப்பிரமணியம் ஹைஸ்கூலுக்குப் போவார்கள். வெறுங்காலோடுதான் நடந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்து மயிலாப்பூர்ப் பையன்கள் அநேகமாக அப்படித்தான். கிருஷ்ணனுக்குப் பாடம் ஏறவில்லை. மந்தபுத்தி என்று நாள் தவறாமல் பிரம்படி வாங்கினான். தாய் இருந்திருந்தால் சாயங்காலம் அந்தத் தழும்புக்கு எண்ணெய் தடவியிருப்பாள்.

அந்த வருஷமே அடையாற்றுக் கடற்கரையில் அவனை லெட்பீட்டர் என்ற ஆங்கிலேயர் பார்த்தார். ஸொஸைட்டியின் பெரிய மனிதர்களில் ஒருவர். உலகத்துக்கு வரப்போகும் ஜகத்குருவுக்கு இந்தப் பையன்தான் உடல் என்று அவர் சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நான் கவனிப்பது வேறு. 1909 நவம்பரில் பெஸன்ட் அம்மையார் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து அந்தப் பையனைப் பார்த்தார். தாயில்லாத பிள்ளை; பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். அவருக்கு வயது அறுபத்திரண்டு. பையன் அவரை "அம்மா" என்று கூப்பிட்டான். கடைசி வரையில் அப்படியே கூப்பிட்டான்.

1910 மார்ச்சில் நாராயணய்யா இரண்டு பிள்ளைகளையும் அவருடைய பாதுகாப்பில் ஒப்படைப்பதாகக் கையெழுத்துப் போட்டார். 1911 மார்ச்சில் அம்மையார் அவர்களைச் சீமைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். பம்பாயில் கால்சராயும் கோட்டும் ஜோடும் வாங்கிப் போட்டார்கள். முதல் முதலாகக் காலை மூடி ஜோடு போட்டவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். மணலிலும் மண்ணிலும் விரிந்து பழகிய விரல்களை ஒன்றாகச் சேர்த்து யாரோ கட்டிப் போட்டாற் போல இருக்கும். மே மாதம் 5-ந் தேதி லண்டன் சேரிங் கிராஸ் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கியபோது அவர்களைப் பார்க்கக் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்தில் லேடி எமிலி லட்யன்ஸ் என்ற சீமாட்டியும் இருந்தாள். அவளைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டும்.

ஒரு தரம் ஊருக்கு வந்துவிட்டு, 1912 பிப்ரவரியில் பையன்கள் மறுபடி கப்பலேறினார்கள். அப்புறம் இந்திய மண்ணைக் கிருஷ்ணன் மிதித்தது 1921 டிஸம்பரில்தான். பதினாறு வயதில் போனவன் இருபத்தாறு வயதில் வந்தான்.

இதற்குள் தகப்பனார் மனம் மாறிவிட்டார். தம் பிள்ளையைத் தெய்வமாக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. லெட்பீட்டரின் நடத்தை மேல் அவருக்குப் பெரிய சந்தேகம். 1912 அக்டோபரில் வழக்குப் போட்டார். அது சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. நாராயணய்யாவுக்கு வக்கீல் ஸி. பி. ராமஸ்வாமி ஐயர். பெஸன்ட் அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தாமே எழுந்து நின்று வாதாடினார். 1878-ல் லண்டன் கோர்ட்டிலும் அவர் அப்படித்தான் வாதாடினார். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, இன்னொரு கடற்கரைப் பட்டணத்தில், இன்னொரு குழந்தைக்காக, அதே வேலை!

1913 ஏப்ரல் 15-ந் தேதி நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். தகப்பனாரின் மிகக் கடுமையான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றார். ஆனால் லெட்பீட்டர் சிறுவர்களோடு பழகத் தகுந்தவர் அல்ல என்றும், பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் முடிவு கூறினார். அப்பீலிலும் அம்மையாருக்குத் தோல்விதான். அவர் விடவில்லை; லண்டன் பிரிவி கவுன்ஸிலுக்குப் போனார். 1914 மே மாதத்தில் அங்கே தீர்ப்பு அவர் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் இருவரும் வயது வந்தவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லையே என்று பிரபுக்கள் சொன்னார்கள்.

நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று அம்மையாருக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு தகப்பனிடமிருந்து குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டார். தம்மிடம் இருந்தால்தான் பிள்ளை பெரியவனாவான் என்று உறுதியாக நம்பினார். மேபெலின் தகப்பனாரும் அதையேதான் நம்பியிருப்பார்.

வழக்கில் ஜெயித்த தாய் பிள்ளையோடு இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. அந்த வருஷமே யுத்தம் வந்துவிட்டது. அம்மையார் சென்னையில் 'நியூ இந்தியா' பத்திரிகையை நடத்தினார். 1916-ல் ஹோம்ரூல் லீகை ஆரம்பித்தார். 1917-ல் கவர்ன்மெண்டு அவரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. தேசம் முழுவதும் அவருக்காகக் கொதித்தது. எதிர்க்கட்சி வக்கீலாக இருந்த ஸி. பி. ராமஸ்வாமி ஐயரே அவருடைய இயக்கத்தில் வலது கையாகிவிட்டார். இத்தனை அமளிக்கும் நடுவில் பிள்ளைகள் இங்கிலாந்தில். 1914-ல் பிரிந்த தாயும் பிள்ளையும் மறுபடி பார்த்துக்கொண்டது 1919-ல்தான். நடுவில் கடிதம். கடலில் நீர்மூழ்கிகள் கப்பலைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலம். கடிதமும் எந்தக் கப்பல் தப்பிப் போகிறதோ அதில்தான் போகும்.

ராமாயணத்தில் இப்படி ஒரு பிரிவு உண்டு. ராமன் பதினாலு வருஷம் காட்டில் இருந்தான். அவன் பாதுகையை வைத்துப் பரதன் நாட்டை ஆண்டான். அந்தப் பாதுகைக்கே ஆயிரத்தெட்டு சுலோகம் பாடிவிட்டார் வேதாந்த தேசிகர். பெஸன்ட் அம்மையாரும் பரதனைப் போலத்தான் இருந்தார். 1911-ல் ஏற்படுத்திய நட்சத்திர சங்கத்துக்குக் கிருஷ்ணனே தலைவன். அவன் சீமையில் இருக்க, அவன் பெயரால் இங்கே ஆசனம் போட்டுக் காத்திருந்தார். ஆனால் பரதனுக்குக் கிடைத்த பாதுகை ராமன் காலிலிருந்து கழற்றிக் கொடுத்தது. அதில் அவன் கால் பதிந்திருந்தது. அடையாற்றுக்கு வந்தது காகிதம் மட்டுமே.

அந்தப் பையன் சீமையில் என்ன செய்தான்? படித்தான், பரீட்சையில் தேறவில்லை. ஆக்ஸ்போர்டு கதவைச் சாத்திவிட்டது. லண்டன் மெட்ரிகுலேஷன் எழுதி எழுதித் தோற்றான். தம்பி நித்யா தேறிக்கொண்டே போனான். மிஸ் டாட்ஜ் என்ற அமெரிக்கச் சீமாட்டி கிருஷ்ணனுக்கு வருஷத்துக்கு 500 பவுன் கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தாள். பணக் கஷ்டம் இல்லை. அன்புக்கு லேடி எமிலி இருந்தாள். அவள் ஒரு பழைய வைஸ்ராயின் பெண். புது டில்லியைக் கட்டிய லட்யன்ஸின் மனைவி. கிருஷ்ணன் அவளையும் அம்மா ஸ்தானத்தில் வைத்திருந்தான். அவளுக்குச் சொந்தமாகவே ஐந்து குழந்தைகள். வேறொருத்தி பிள்ளைக்குத் தாயாகப் போய்த் தன் குழந்தைகளை எவ்வளவு கவனியாமல் விட்டாள் என்பதை 1957-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவளே மறைக்காமல் எழுதியிருக்கிறாள்.

அந்த ஐந்தில் கடைக்குட்டி மேரி. 1908-ல் பிறந்தவள். கிருஷ்ணனும் நித்யாவும் வீட்டுக்கு வரும்போது அவள் சிறுமி. பெரியவர்கள் இந்தப் பையனிடம் ஜகத்குருவின் ஒளி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, சிறுமி அவர்கள் உடுப்பைப் பார்த்தாள். சூட்டு எந்தத் தையல்காரரிடம், சட்டை எந்தக் கடையில், ஜோடு யாரிடம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிற்காலத்தில் அவள் கிருஷ்ணமூர்த்தியின் சரித்திரத்தை எழுதியபோது அத்தனையும் அதில் வந்துவிட்டன. ஜோடு, ஜான் லாப் கடையில்!

ஜோடுப் பிரியர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். லண்டன் ஸெயின்ட் ஜேம்ஸ் தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பிரபுக்களுக்கும் ராஜாக்களுக்கும் ஜோடு தைத்துக் கொடுக்கும் கடை அது. அங்கே எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்ற பேச்சே கிடையாது. போனவரின் இரண்டு காலையும் காகிதத்தில் வைத்து வரைந்து அளவெடுப்பார்கள். வலது கால் வேறு, இடது கால் வேறு. அந்த அளவுக்குக் காலைப் போலவே மரக்கட்டையைச் செதுக்குவார்கள். அதன் மேல்தான் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். அந்தக் கட்டைகளை ஆட்களின் பெயரெழுதிப் பத்திரமாக அடுக்கி வைப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் தாய் அந்தப் பிள்ளைக்காகக் கோர்ட்டு ஏறினாள், பத்திரிகையில் எழுதினாள், உலகத்தின் குருவே வருகிறார் என்று மேடைதோறும் முழங்கினாள். அவன் காலில் எந்த விரல் நீளம், எந்தப் பக்கம் எலும்பு துருத்தியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமா? லண்டன் ஜோடுக் கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

தோலுக்கும் ஒரு பிரயாணம் உண்டு. அந்த நாளில் சென்னை ராஜதானியில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல்கள் பெரியமேட்டில் வந்து குவியும். அங்கிருந்து அரைப்பதமாகவே கப்பலேறி லண்டனுக்குப் போகும். மீதிப் பதம் அங்கே. ஜோடாகி மெருகேறி, சென்னையில் இருக்கும் துரைமார் காலுக்கே அது திரும்பி வந்தாலும் வரும். குரோம் உப்பால் தோலைப் பதனிடும் முறையைச் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் பரீட்சை செய்து பரப்பினார். குரோம் தோல் தொழிற்சாலை இருந்த இடம்தான் இன்றைக்கும் குரோம்பேட்டை. அடையாற்றுப் பையனும் அந்தத் தோலைப் போலவே அரைப்பதத்தில் கப்பலேறினான். பளபளவென்ற கனவானாகத் திரும்பி வந்தான். அண்ணனும் தம்பியும் தங்கள் ஜோடுகளைத் தாங்களே மெருகேற்றுவார்கள். வேலைக்காரனிடம் விடுவதில்லை.

1921-ல் திரும்பி வந்தவர்கள் தகப்பனாரைப் போய்ப் பார்த்துக் காலில் விழுந்து நமஸ்கரித்தார்கள். 1924-ல் நாராயணய்யா காலமானார். 1925 நவம்பரில் நித்யா, அமெரிக்காவில் க்ஷயரோகத்தால் இறந்தான். தந்தி வந்தபோது கிருஷ்ணமூர்த்தி அம்மையாரோடு இந்தியாவுக்கு வரும் கப்பலில் இருந்தார். தம்பி பிழைப்பான் என்று எல்லாப் பெரியவர்களும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மரணத்தோடு அவருக்குள் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது.

1929 ஆகஸ்டு 3-ந் தேதி, ஹாலந்து தேசத்தில் ஓமன் என்ற ஊரில், மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடியிருந்த சபையில் கிருஷ்ணமூர்த்தி எழுந்து நின்று, தமக்காக ஏற்படுத்திய நட்சத்திர சங்கத்தைக் கலைத்தார். உண்மைக்கு யாரும் பாதை போட்டுக் கொடுக்க முடியாது. எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். தமக்குக் கொடுத்த கோட்டையையும் நிலத்தையும் கொடுத்தவருக்கே திருப்பிவிட்டார். சபையில் பெஸன்ட் அம்மையாரும் உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தொன்று.

பதினாலு வயதுப் பையனின் காலுக்கு அளவெடுத்து, ஒரு பெரிய ஜோடு தைத்து வைத்திருந்தார் அம்மையார். இருபது வருஷம் அதைத் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்தார். கால் வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் பிள்ளை அதைப் போட்டுப் பார்த்து, "அம்மா, இது கடிக்கிறது" என்று கழற்றி வைத்துவிட்டான்.

அப்போது ஒரு தாய் என்ன செய்வாள்? "உனக்காக நான் என்னவெல்லாம் செய்தேன்!" என்று ஆரம்பிப்பாள். நானாக இருந்தால் அப்படித்தான் ஆரம்பித்திருப்பேன். அம்மையார் அவரைச் சபிக்கவில்லை; கைவிடவும் இல்லை. அதற்கு முந்திய வருஷமே, பிள்ளையின் போக்கு வேறு என்று தெரிந்ததும், தாம் உயிராக நடத்திவந்த ஸொஸைட்டியின் அந்தரங்கப் பிரிவை அவருக்காக மூடிப் பார்த்தார். சங்கம் கலைந்த பிறகு, மற்றவர்களுக்காக மறுபடி திறந்தார். பாவம், கிழவி இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள்! 1933 செப்டம்பர் 20-ந் தேதி அடையாற்றில் கண்ணை மூடினார். அவருடைய கொள்கை ஒவ்வொன்றையும் கிருஷ்ணமூர்த்தி தள்ளினார். அவரைப் பற்றி மட்டும் வாழ்நாள் முழுவதும் அன்போடுதான் பேசினார்.

அதற்கப்புறம் நாற்பத்தேழு வருஷம் கிருஷ்ணமூர்த்தி ஸொஸைட்டித் தோட்டத்துக்குள் காலடி வைக்கவில்லை. சென்னைக்கு வந்தால் ஆற்றுக்கு வடகரையில், வசந்த விஹாரில் தங்குவார். பெஸன்ட் என்ற பெயரைத்தான் நம்மவர்கள் 'வசந்தா' என்று இந்திய மொழியாக்கிக் கூப்பிட்டார்கள். தெரிந்தோ தெரியாமலோ, பிள்ளை தங்கிய வீட்டுக்குத் தாயின் பெயர்! 1980-ல் ராதா பர்னியர் தலைவரான பிறகுதான், அந்த வருஷம் நவம்பரில் அவர் மறுபடி உள்ளே நடந்தார்.

எல்லாவற்றையும் துறந்தவர் என்று அவரைச் சொல்லுகிறார்கள். ஜோட்டை மட்டும் அவர் துறக்கவில்லை. இந்தியாவில் இருக்கும்போது நம் நாட்டு உடைதான். மேல்நாட்டுக்குப் போனால் நல்ல தையற்காரரின் சூட்டும், கண்ணாடி போல மின்னும் ஜோடும். கிழவரான பிறகும் அதைத் தம் கையாலேயே மெருகேற்றுவார். இதைச் சொல்லி அவரைப் பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. என்னால் முடியாது. நான் கட்சிக்காரி ஆயிற்றே! தவிரவும், எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவருடைய பெயர், படிப்பு, பதவி, தெய்வத்தன்மை எல்லாம் மற்றவர்கள் அவருக்கு எடுத்த அளவு. அந்த ஜோடு ஒன்றுதான் அவர் காலைப் பார்த்து, அவர் காலுக்கென்றே செய்தது. அதை அவர் ஏன் துறக்கவேண்டும்?

1986 ஜனவரியில் அவர் கடைசியாகச் சென்னைக்கு வந்திருந்தார். வயது தொண்ணூறு. உடம்பில் கொடிய வியாதி. அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால், சாயங்காலம் அடையாற்றுக் கடற்கரைக்குப் போய் நடந்தார். 1909-ல் லெட்பீட்டர் பார்த்த அதே மணல். பிப்ரவரி 17-ந் தேதி கலிபோர்னியாவில் ஓஹாய் என்ற ஊரில் காலமானார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அன்று வீடு வந்து சேர்ந்தேன். ராத்திரி பிள்ளைக்கு ஃபோன் பண்ணினேன். "ஸைஸ்தானே, சொல்லிவிடுகிறேன்" என்றான். "நம்பர் வேண்டாம். ஒரு காகிதத்தில் நின்று, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தபாலில் அனுப்பு" என்றேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பட்டணத்துக்குப் போகிறவர்களிடம் தென்னை ஈர்க்கில் கால் அளவை ஒடித்துக் கொடுத்து அனுப்புவார்கள். பாட்டி எனக்கு அப்படி அளவெடுத்திருக்கிறாள். குனிந்து, குதிகாலைப் பிடித்து, பெருவிரல் நுனியில் நகத்தால் ஈர்க்கைக் கிள்ளுவாள். கூச்சம் தாங்காமல் நான் சிரிப்பேன்.

"என்னம்மா, பழைய காலத்து ஆசாமியாக இருக்கிறாயே!" என்று அவன் கேலி செய்தான். ஆனால் அனுப்பினான். இரண்டு காகிதம். வலது, இடது என்று எழுதியிருந்தது. மேஜை மேல் விரித்து வைத்து வெகு நேரம் பார்த்தேன். இடது கால் கொஞ்சம் பெரிதாக இருந்தது. எனக்கும் அப்படித்தான்; அவனுக்கும் அப்படி என்று எனக்கு அன்று வரை தெரியாது.

மறுநாள் காகிதத்தோடு கடைக்குப் போனேன். பையன் அதை வாங்கி அளவு பார்த்தான்.

"பத்து, அம்மா" என்றான்.